பெற்றோரைப் போற்றும் கடன்

தமிழில் ‘கடன்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் வழங்குகின்றன. ஒன்று, பிறரிடமிருந்து பெற்றதைத் திருப்பித் தரவேண்டிய பொறுப்பு. மற்றொன்று, ஒருவன் தன் நிலைக்கேற்பச் செய்தே தீரவேண்டிய செயல். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் செட்டியார் கிட்டங்கிகள் நடந்த காலத்தில் பேரேட்டில் எழுதப்பட்ட கடன் முதல் வகையைச் சேர்ந்தது. அதற்குத் தொகை உண்டு, வட்டி உண்டு, தவணை உண்டு, முழுவதும் செலுத்தியபின் கணக்கு முடிந்துவிடும். காலைக்கடன் என்றும் நீத்தார் கடன் என்றும் நாம் சொல்லுமிடத்து வருவது இரண்டாம் வகை. அங்கே தொகையும் இல்லை, தவணையும் இல்லை. செய்யத்தக்கது என்னும் கருத்தே நிற்கிறது.

பெற்றோரை மதித்துப் பேணுவது பிள்ளைகளின் கடன் என்று நாம் கேட்டே வளர்ந்திருக்கிறோம். ஔவையாரின் கொன்றைவேந்தன் தாயையும் தந்தையையும் முன்னிறுத்தித் தொடங்குவதால், பள்ளியிற் சேர்ந்த இளம் பருவத்திலேயே அக்கருத்து நம் நாவில் ஏறிவிடுகிறது. ஆயின் அது எவ்வகைக் கடன்? வாங்கியதைத் திருப்பித் தரும் கடனா, அன்றிச் செய்யத்தக்கது என்னும் கடனா? இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. பல குடும்பங்களில் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இடையே எழும் மனக்கசப்புக்கு இவ்விரு பொருளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதும் ஒரு காரணமாகும். ஆதலின் இதனைச் சற்று விரிவாக நோக்குவோம்.

நினைவில் நில்லாத உதவி

பசுவின் கன்று பிறந்த சில மணி நேரத்திற்குள் தானே எழுந்து நின்று தாயின் மடியைத் தேடிச் செல்லும். மனிதக் குழந்தையோ தலையை நிமிர்த்திப் பிடிக்கவே சில மாதங்களும், தனியே நடக்க ஏறத்தாழ ஓராண்டும் எடுத்துக்கொள்கிறது. மூளை வளர்ச்சியின் பெரும்பகுதி பிறந்த பின்னரே நிகழ்வதால், நம் இனத்தின் குழவிப்பருவம் மிக நீண்டது. தாய்ப்பால் அருந்தும் பச்சிளங்குழந்தைக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பாலூட்ட வேண்டும் என்று மருத்துவர் கூறுவர். குறைந்த கணக்காக 8 என்றே வைத்துக்கொண்டாலும் முதல் 30 நாட்களில் மட்டும் 240 முறை. இரவு என்றும் பகல் என்றும் அதில் வேறுபாடு கிடையாது. உண்ணவும் உறங்கவும் உடை மாற்றவும் பிறர் கையை எதிர்பார்த்திருந்த அக்காலத்தில், ஒரு நாள் அக்கை விலகியிருந்தாலும் நாம் இன்று இருந்திருக்க மாட்டோம்.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஏறத்தாழ மூன்று வயதுக்கு முன் நிகழ்ந்தவற்றை வளர்ந்த மனிதர் நினைவுகூர முடிவதில்லை. இது உளநூலார் ஆராய்ந்து கண்ட உண்மை. நாம் வாழ்நாளில் பெறும் உதவிகளுள் மிகப் பெரியது எதுவோ, அதுவே நம் நினைவில் அடியோடு இல்லாமற் போய்விடுகிறது. பத்து வயதில் தந்தை அடித்த அடி நினைவிருக்கும். பதினைந்து வயதில் கேட்ட சட்டையைத் தாய் வாங்கித் தரவில்லை என்பதும் நினைவிருக்கும். காய்ச்சலில் கிடந்த எட்டு மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு விடியும்வரை நடந்தது நினைவில் இராது. ஆகவே பிள்ளையின் உள்ளம் எழுதும் வரவு செலவுக் கணக்கு எப்போதும் குறைபட்ட கணக்கே. பெற்றோரிடம் நன்றி தானாக ஊறும் என்று விட்டுவிடாமல், எல்லாச் சமுதாயங்களும் அதனைச் சொல்லிக் கொடுத்து வந்தமைக்கு இது ஒரு காரணம் எனலாம்.

“நான் கேட்டா பிறந்தேன்?”

இவ்விடத்தில் இளைஞர் சிலர் ஒரு வினாவை எழுப்புவர். “என்னைப் பெறும்படி நான் கேட்கவில்லையே; பெற்றவர் வளர்ப்பது அவர்கள் பொறுப்புத்தானே; அதற்கு நான் எப்படிக் கடனாளி ஆவேன்?” என்பர். இவ்வினாவைத் துடுக்குத்தனம் என்று தள்ளிவிடுதல் கூடாது. இதில் நியாயம் இருக்கிறது. குழந்தையை உண்பித்து உடுத்திக் கற்பிப்பது பெற்றோரின் கடமையே. தன் கடமையைச் செய்தவர் அதனைக் கைமாற்றாகக் கொடுத்ததாகக் கணக்கெழுதிக்கொள்ள முடியாது. “உனக்காக எவ்வளவு செலவழித்தேன் தெரியுமா?” என்று அடிக்கடி சொல்லிக்காட்டும் பெற்றோர், தம்மை அறியாமலே உறவை வட்டிக்கடையாக்கிவிடுகின்றனர்.

கைமாற்றுக் கடன் என்று கொண்டால் வேறு இரு தீங்குகளும் விளையும். முதலாவது, கடன் தீரக்கூடியது. மாதந்தோறும் ஐந்நூறு வெள்ளி அனுப்பிவிட்டால் தீர்ந்தது என்று மகன் நினைக்கலாம். இரண்டாவது, கொடுத்த தொகைக்கேற்பக் கடன் கூடும், குறையும். அப்படியானால் வெளிநாட்டில் படிக்கவைத்த செல்வந்தத் தந்தைக்கு மிகுந்த மதிப்பும், அரைவயிற்றுக் கஞ்சி குடித்துப் பிள்ளைக்கு முழுவயிறு ஊட்டிய ஏழைத் தாய்க்குக் குறைந்த மதிப்பும் என்று முடியும். இதனை எவர் உள்ளமும் ஒப்பாது. ஆகவே பெற்றோரைப் போற்றுதல் கைமாற்றைத் தீர்ப்பது அன்று என்பது பெறப்படும்.

பின் அது எதன்மேல் நிற்கிறது? உறவின்மேல் நிற்கிறது. சம்பளம் பெற்றுக் கற்பித்த ஆசிரியர் தம் கடமையைத்தான் செய்தார். ஆயினும் அவரைக் கண்டவுடன் எழுந்து நிற்கிறோம். ஏனெனில் கடமையைச் செய்தவரிடமும் நன்றி பாராட்டுவது மனிதப் பண்பு. மேலும், மனித வாழ்வு இரு முனையிலும் பிறர் கையை நாடி நிற்பது. தொடக்கத்தில் நாம் இயலாதவர், முடிவிலும் இயலாதவர். நடுவில் வலிமையோடு இருப்பவர் இரு முனையில் இருப்போரையும் தாங்கினாலன்றி எந்தத் தலைமுறையும் நிலைபெறாது. இந்த ஒழுங்கில் தன் முறை வரும்போது தன் பங்கைச் செய்வதே இரண்டாம் பொருளிற் கூறிய கடன்.

இருபுறமும் செல்லும் நெறி

பழைய அறநூல்கள் இக்கடனை ஒருபுறமாக மட்டும் வைக்கவில்லை. திருவள்ளுவர் மக்கட்பேறு என்னும் 7ஆம் அதிகாரத்தில் தந்தை மகனுக்குச் செய்யவேண்டியதையும் மகன் தந்தைக்குச் செய்யவேண்டியதையும் ஒரே அதிகாரத்துள் அமைத்தார். பௌத்தர்களின் திரிபிடகத்தில் தீக நிகாயத்தைச் சேர்ந்த சிகாலோவாத சூத்திரம் பிள்ளைகள் பெற்றோருக்குச் செய்யவேண்டிய ஐந்து கடமைகளைக் கூறி, உடனே பெற்றோர் பிள்ளைகளுக்குச் செய்யவேண்டிய ஐந்து கடமைகளையும் கூறுகிறது. தீமையிலிருந்து விலக்குதல், நன்மையில் நிறுத்துதல், தொழில் கற்பித்தல், தக்க மணம் முடித்தல், உரிய காலத்தில் சொத்தை ஒப்படைத்தல் என்பன அவை.

நம்மோடு இந்நாடுகளில் வாழும் பிற இனத்தாரும் சமயத்தாரும் இதே நெறியைத் தத்தம் வழியில் போற்றுகின்றனர். இசுலாமியரின் திருக்குர்ஆன் இறைவனை மட்டும் வணங்குக என்று விதித்த கையோடு பெற்றோரிடம் நன்முறையில் நடக்கவும், முதுமையடைந்த அவர்களிடம் சலிப்புச் சொல்லையும் தவிர்க்கவும் கூறுகிறது. கிறித்தவரும் யூதரும் போற்றும் பத்துக் கட்டளைகளுள், மனிதர் மனிதருக்குச் செய்யவேண்டியவற்றைக் கூறத் தொடங்கும் இடத்தில் தாய் தந்தையரைக் கனம்பண்ணுதல் முதலாவதாக வருகிறது. சீனர் ‘சியாவ்’ என்னும் ஒரே சொல்லில் இவ்வறத்தை அடக்கினர். கன்பூசியஸ், பெற்றோருக்கு உணவளிப்பதையும் அவர்களை மனத்தால் வணங்குவதையும் வேறுவேறாகப் பிரித்து, வணக்கமில்லாத உணவு கால்நடைக்கு இடும் தீவனத்திற்கு ஒப்பாகும் என்னும் கருத்தை விளக்கினார். பேணுதல் வேறு, மதித்தல் வேறு என்னும் இப்பிரிவினை நாம் மேலே காணப்போகும் சட்டங்களைப் புரிந்துகொள்ளத் துணைசெய்யும்.

சட்டம் புகுந்த வரலாறு

பெற்றோரைப் பேணுதல் உள்ளத்தைப் பொறுத்தது, இதில் சட்டத்திற்கு என்ன வேலை என்று தோன்றலாம். ஆயின் வரலாறு வேறாகக் கூறுகிறது. கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏதென்சு நகருக்குச் சட்டம் வகுத்த சோலோன், மகனுக்கு ஒரு தொழிலைக் கற்பிக்காத தந்தை முதுமையில் அவனிடம் சோறு கேட்க உரிமையற்றவன் என்று விதித்ததாகப் புளூட்டார்க் எழுதியுள்ளார். அந்நகரில் உயர் பதவிக்குத் தெரிந்தெடுக்கப்பட்டவரிடம், பதவி ஏற்குமுன் கேட்கப்பட்ட வினாக்களுள் ஒன்று, பெற்றோரை நன்கு நடத்துகின்றாயா என்பது. வீட்டில் இருவரைப் பேணாதவனிடம் நாட்டை ஒப்படைக்க அவர்கள் துணியவில்லை.

இங்கிலாந்தில் 1601-இல் இயற்றப்பட்ட வறியோர் சட்டம், இயலாத பெற்றோரைப் பேணும் பொறுப்பை வசதியுள்ள பிள்ளைகள்மேல் வைத்தது. 1948-இல் வந்த தேசிய உதவிச் சட்டம் அப்பொறுப்பை நீக்கியது. முதியோரைத் தாங்கும் சுமையை அரசே ஏற்றுக்கொண்டமையே அதற்குக் காரணம். பிரான்சு நாட்டில் நெப்போலியன் காலத்தில், 1804-இல் வகுக்கப்பட்ட குடிமைச் சட்டத் தொகுப்பு இன்னும் நுட்பமானது. வறுமையுற்ற பெற்றோருக்குப் பிள்ளைகள் வாழ்க்கைப் பொருள் தரவேண்டும் என்பது அதில் ஒரு விதி. எந்த வயதிலும் பிள்ளை தன் பெற்றோருக்கு மதிப்பும் மரியாதையும் செலுத்தக் கடமைப்பட்டது என்பது மற்றொரு விதி. முதல் விதியை மீறினால் நீதிமன்றம் பணம் கட்டச் சொல்லலாம். இரண்டாவதற்கோ தனித் தண்டனை எதுவும் கூறப்படவில்லை. மதிப்பு இன்றியமையாதது என்று சொல்லும் சட்டமே, அதனைக் கட்டாயத்தால் பெற முடியாது என்பதையும் இவ்வாறு ஒப்புக்கொண்டது.

சிங்கப்பூரின் சட்டம்

நமக்கு அண்மையில் உள்ள சிறந்த எடுத்துக்காட்டு சிங்கப்பூரின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம். நியமன நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த சட்டப் பேராசிரியர் வால்டர் வூன் 1994-இல் இம்மசோதாவைத் தனி உறுப்பினர் மசோதாவாகக் கொண்டுவந்தார். அது 1995 நவம்பரில் நிறைவேறி, 1996 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்தது. 1965-இல் நாடு தனிக் குடியரசான பின்னர்த் தனி உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்து பொதுச் சட்டமாக மலர்ந்த முதல் மசோதா இதுவே. பாசத்தைச் சட்டத்தால் உண்டாக்க முடியுமா என்று அன்று பலர் வினவினர். பாசத்தை உண்டாக்க அன்று, பாசம் பொய்த்த இடத்தில் முதியவர் பட்டினி கிடவாமல் தடுக்கவே இச்சட்டம் என்பது ஆதரித்தவரின் விடை.

இச்சட்டத்தின்படி, தம்மைத் தாமே போதிய அளவில் பேணிக்கொள்ள முடியாத, 60 வயதை அடைந்த பெற்றோர் தம் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கோரலாம். மாதாந்தரத் தொகையாகவோ மொத்தத் தொகையாகவோ தரும்படி பெற்றோர் பராமரிப்பு நடுவர் மன்றம் ஆணையிடலாம். உடல் அல்லது மன நலிவு முதலிய தக்க காரணம் இருப்பின் 60 வயதுக்குக் குறைந்தவரும் விண்ணப்பிக்கலாம். மன்றம் பெற்றோரின் தேவையை மட்டும் பார்ப்பதில்லை. பிள்ளையின் வருவாய் என்ன, அவன் தன் மனைவி மக்களைக் காத்த பின் கொடுக்க இயலுமா என்பவற்றையும் ஆராய்கிறது. பிள்ளையை இளமையில் கைவிட்ட அல்லது கொடுமைப்படுத்திய பெற்றோராயின் விண்ணப்பத்தைத் தள்ளவோ தொகையைக் குறைக்கவோ மன்றத்திற்கு உரிமை உண்டு. சோலோனின் சட்டத்தில் கண்ட அதே நீதி ஈராயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் இங்கே தலைகாட்டுவதைக் காண்கிறோம்.

பின்னர் வந்த திருத்தங்கள் இரண்டும் கருதத்தக்கவை. 2010-இல் செய்த திருத்தம், வழக்குக்கு முன் சமரசத்தை வைத்தது. பெற்றோர் முதலில் பெற்றோர் பராமரிப்பு ஆணையரை நாடவேண்டும். பிள்ளைகளை அழைத்துப் பேசி உடன்பாடு காண முயல்வர். அது கைகூடாதபோதே மன்றம். 2023-இல் நிறைவேறிய திருத்தம், முன்பு பிள்ளைகளைக் கைவிட்ட, கொடுமைப்படுத்திய, புறக்கணித்த பெற்றோர், மன்றத்தின் அனுமதி பெற்ற பின்னரே விண்ணப்பிக்க முடியும் என்று விதித்தது. சிறு வயதில் பட்ட துன்பத்தை மன்றத்தில் மீண்டும் எடுத்துரைத்து வருந்தும் நிலையிலிருந்து அப்பிள்ளைகளைக் காப்பதே இதன் நோக்கம்.

இந்தியாவும் சீனாவும்

இந்தியாவில் 1956-இன் இந்துத் தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் முதிய பெற்றோரைக் காக்கும் பொறுப்பை மகன், மகள் இருவர்மேலும் வைத்தது. 1973-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் பெற்றோர் பராமரிப்புக் கோர வழிசெய்தது. திருமணமாகிவிட்ட மகளுக்கும் இப்பொறுப்பு உண்டு என்று 1987-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மகனைப் பெற்றால்தான் முதுமைக்குத் துணை என்னும் பழைய எண்ணத்தை அசைத்த தீர்ப்பு அது.

2007-இல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் தனியே இயற்றப்பட்டது. அதில் ஒரு விதி மிகவும் பயனுள்ளது. என்னைப் பேணவேண்டும் என்னும் நிபந்தனையோடு வீட்டையோ நிலத்தையோ பிள்ளைக்கு எழுதிக் கொடுத்த முதியவர், பிள்ளை அவ்வாறு பேணத் தவறினால், அந்த எழுத்தைச் செல்லாதாக்கும்படி தீர்ப்பாயத்தைக் கேட்கலாம். தாயின் கைரேகையை வாங்கிக்கொண்டு பின் அவளைத் திண்ணைக்கு அனுப்பிய கதைகள் எத்தனை கேட்டிருக்கிறோம்! அக்கதைகளின் விளைவே இவ்விதி. சீன நாட்டில் 2013 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம், முதியோரைவிட்டுத் தனியே வாழும் குடும்பத்தார் அவர்களை அடிக்கடி சென்று காணவோ நலம் விசாரிக்கவோ வேண்டும் என்று கூறுகிறது. பணம் மட்டும் அனுப்பிவிட்டு முகம் காட்டாதிருப்பதும் ஒரு குறையே என்பதைச் சட்டமே எழுதவேண்டிய காலம் வந்துவிட்டது.

தோட்டத்து முதியோர் நிலை

மலாயாவில் நம்மவர் வாழ்ந்த வாழ்க்கையைச் சிறிது எண்ணிப் பார்த்தால் இக்கடனின் கனம் நன்கு விளங்கும். பால்மரம் வெட்டும் தாய், விடியுமுன் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடுவாள். குடியிருந்த லயத்து வீடு தோட்டத்திற்குச் சொந்தம். வேலை இருக்கும்வரை வீடு. வேலை நின்றால் வீடும் போகும். மலாயாவில் ஊழியர் சேமநிதி 1951-இலும், சிங்கப்பூரில் மத்திய சேமநிதி 1955-இலும் தொடங்கின. ஆயினும் குறைந்த கூலியில் சேர்ந்த சேமிப்பு முதுமை முழுதுக்கும் போதுமானதாக இருக்க முடியாது. தோட்டத் துண்டாடல் நடந்த நாட்களில், கூலியில் மிச்சம் பிடித்துத் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் நிறுவிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு சேர்ந்தவர்களும் இத்தொழிலாளரே. அவர்களுக்குப் பிள்ளைகளே வீடு, பிள்ளைகளே சேமிப்பு.

அந்தத் தலைமுறையினர் தம் பிள்ளைகளைத் தோட்டத்திலிருந்து வெளியேற்றவே படிக்கவைத்தனர். எழுத்தறியாத தந்தை, மகன் கையெழுத்தைக் கண்டு மகிழ்ந்தான். ஆயின் இங்கேதான் நம் சமுதாயத்திற்கே உரிய ஓர் ஆபத்தும் தோன்றியது. படித்த பிள்ளை, படியாத தந்தையை நண்பர் முன் அறிமுகப்படுத்தக் கூசினான். ஆங்கிலம் பேசும் வீட்டில் தமிழ் மட்டும் அறிந்த தாய் அடுக்களையோடு நின்றாள். சோறு உண்டு, மருந்து உண்டு, தனியறையும் உண்டு. வீட்டுக்கு விருந்தினர் வந்தால் மட்டும் அறையைவிட்டு வெளியே வரக்கூடாது. சட்டத்தின் கண்ணுக்கு இந்த மகன் குற்றமற்றவன். அவன் பேணினான், மதிக்கவில்லை.

குடியேறி வந்த குடும்பங்களில் மற்றொரு குறையும் இருந்தது. தாத்தாவும் பாட்டியும் தமிழகத்துச் சிற்றூரில் இருந்தனர். தந்தை மாதந்தோறும் தபாலில் பணம் அனுப்பினார். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கப்பலேறிச் சென்று கண்டு வந்தார். முதியவரை நாள்தோறும் எவ்வாறு நடத்துவது என்பதைப் பிள்ளைகள் கண்ணால் காணும் வாய்ப்பு அக்குடும்பங்களில் குறைந்துபோயிற்று. அறத்துள் இதனை ஏட்டில் கற்பது அரிது. கண்ணால் கண்டே கற்கவேண்டும். இன்று பாட்டனாரோடு ஒரே வீட்டில் வளரும் பேரப்பிள்ளைகளுக்கு அவ்வாய்ப்பு மீண்டும் கிடைத்திருக்கிறது. நாம் நம் பெற்றோரிடம் பேசும் குரலையே நாளை நம் பிள்ளைகள் நம்மிடம் பேசுவர்.

மதிப்பும் கீழ்ப்படிதலும்

மதித்தல் என்றால் சொன்னதையெல்லாம் கேட்டு நடத்தல் என்று சிலர் பொருள் கொள்வர். இது பிழை. நம் புராணமே இதற்குச் சான்று. பிரகலாதன் தந்தை சொல்லை மறுத்தவன். தீய ஆணைக்கு அவன் ஒருபோதும் இணங்கவில்லை. எனினும் அவனை நாம் தந்தையைப் பழித்த மகனாக நினைப்பதில்லை. இரணியன் மாண்டபின், தன் தந்தையின் பிழையைப் பொறுத்து அவனைத் தூய்மைப்படுத்துமாறு அவன் இறைவனை வேண்டியதாகப் பாகவதம் கூறுகிறது. மறுப்பும் மதிப்பும் ஓர் உள்ளத்தில் சேர்ந்திருக்க முடியும் என்பதற்கு இதனினும் சிறந்த கதை வேண்டியதில்லை.

திருமணம், தொழில், சமயம் ஆகியவற்றில் வளர்ந்த பிள்ளை தன் அறிவின்படி முடிவு செய்யலாம். ஆயின் முடிவைச் சொல்லும் முறையில் மதிப்பு இருக்கவேண்டும். அவர்கள் கூறும் காரணத்தை முழுதும் கேட்டபின் மறுப்பது மதிப்பு. வாய் திறக்குமுன் எழுந்து போவது அவமதிப்பு. இனி, குடித்து அடித்த தந்தையையும், குழந்தையை விட்டுப் போன தாயையும் பற்றி என்ன சொல்வது? அப்பிள்ளைகளிடம் போய்ப் பாசம் காட்டு என்று கட்டளையிட எவருக்கும் உரிமையில்லை. சட்டமே அவர்களுக்கு விலக்கு அளித்திருப்பதை மேலே கண்டோம். அத்தகையோருள்ளும் சிலர் தாமே முன்வந்து உதவுகின்றனர். அது கடனைக் கடந்த பெருந்தன்மை. அதனைப் போற்றலாம், கேட்டுப் பெற முடியாது. பெற்றோரும் இதனை உணரவேண்டும். பிள்ளையின் மதிப்பைப் பெறும் தகுதியைத் தொட்டிற் பருவத்திலேயே ஈட்டத் தொடங்கவேண்டும்.

இக்காலத்தின் சோதனை

சிங்கப்பூரில் 2023-இல் ஒரு பெண் பெறும் குழந்தைகளின் சராசரி 0.97 ஆயிற்று. 2030-இல் அந்நாட்டுக் குடிமக்களுள் நால்வருக்கு ஒருவர் 65 வயதைக் கடந்தவராக இருப்பார் என்று அரசு கணக்கிட்டுள்ளது. முன்பு ஐந்தாறு பிள்ளைகள் பகிர்ந்த பொறுப்பு இனி ஒருவர் இருவர் தோளில் விழும். பெற்றோரின் ஆயுளும் நீண்டுவிட்டது. எழுபது வயது மகள் தொண்ணூறு வயதுத் தாயைக் கவனிக்கும் காட்சி இனி அரிதன்று. ஆகவே பேணும் பிள்ளைக்கும் ஓய்வும் துணையும் வேண்டும். முதியோர் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தையோ தாதியரையோ நாடுவது பெற்றோரைக் கைவிடுவதாகாது. உடன்பிறந்தோர் ஒருவர்மேல் முழுச் சுமையையும் ஏற்றிவிட்டுத் தூர நின்று குறை கூறுவதே கைவிடுதல்.

முதுமையில் வரும் மறதிநோய் இக்கடனின் கடைசிச் சோதனை எனலாம். அந்நோய் முற்றியபின் தாய் மகளின் பெயரையும் மறக்கிறாள். இன்று ஊட்டிய சோற்றை நாளை மறக்கிறாள். செய்த உதவிக்கு ஒரு நன்றிச் சொல்லும் கிடைப்பதில்லை. கைமாற்றுக் கணக்குப் பார்ப்பவன் இவ்விடத்தில் தளர்ந்துவிடுவான். ஆனால் எண்ணிப் பாருங்கள். நம் முதல் மூன்றாண்டுகளில் அவள் செய்ததும் இதுவேயன்றோ? தன் உழைப்பைப் பிள்ளை நினைவில் வைக்கப்போவதில்லை என்பது பற்றி அவள் கவலைப்பட்டாளா? பெறுபவர் நினைவில் நிற்குமா என்று பாராமற் செய்வதே இரண்டாம் பொருளில் வரும் கடன்.

செய்யத்தக்கன

அறத்தைப் பேசி நிறுத்துவதில் பயனில்லை. இளைஞர் இன்றே கைக்கொள்ளத்தக்க சிலவற்றைக் கூறி முடிப்போம். பெற்றோரைப் பற்றி மருத்துவரிடம் பேசும்போது, அவர்கள் அங்கே இல்லாதவர்போல் பேசாமல், அவர்களையும் கேட்டுப் பேசுக. வீட்டை விற்பது, இடம் மாறுவது போன்ற செய்திகளை முடிவு செய்தபின் அறிவிக்காமல், முடிவு செய்யுமுன் கருத்துக் கேட்க. வங்கிக் கணக்கும் அரசு அலுவலும் கைத்தொலைபேசிக்குள் போய்விட்ட இக்காலத்தில், அவர்கள் ஒரே செய்தியை மூன்றாம் முறை கேட்டாலும் முகம் சுளியாமல் காட்டிக் கொடுக்க. நமக்கு எழுத்துக் காட்டியவர்கள் எத்தனை முறை காட்டினார்கள் என்பது நம் நினைவில் இல்லை. பணம் கொடுப்பதாயின், எதற்கு என்று கேளாமல் அவர்கள் விருப்பப்படி செலவிடச் சிறிதளவேனும் கொடுக்க. பிறந்த ஊர், வந்த கப்பல், வேலை செய்த தோட்டம், முதற் கூலி இவற்றைக் கேட்டு எழுதி வைக்க. அவர்களோடு போய்விட்டால் அச்செய்திகள் எந்த நூலகத்திலும் கிடையா.

இறந்தபின் பெரும் பொருட்செலவில் கருமம் செய்வதையும், நாளிதழில் பெரிய அளவில் நினைவஞ்சலி வெளியிடுவதையும் நாம் குறை கூறவில்லை. ஆயின் நீத்தார் கடன் என்று ஒன்று இருப்பதுபோல, இருக்கும்போது செய்யவேண்டிய கடனும் உண்டு. அதற்கு நாள் நட்சத்திரம் பார்க்க வேண்டியதில்லை. இன்று மாலையே தொடங்கலாம்.